நாற்பத்தொரு மணிக்கட்டு

ஓர் உடம்புக்கு ஓர் இதயம் என்று பரவலாக நம்பப்படுகிறது. பாடநூல்கள் இந்தப் பிழையை ஆண்டுதோறும் புதிய அட்டை போட்டு அச்சிட்டு வருகின்றன. மருத்துவர்கள் இதை நம்பித்தான் நெஞ்சில் ஒரே இடத்தில் கருவியை வைத்துக் காது கொடுக்கிறார்கள். கவிஞர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கணவாய்க்கு மூன்று இதயம் உண்டு என்பது உண்மையே என்றாலும், அது மீன் கடையோடு நின்றுபோகிற சிறிய ஆதாரம். இதைவிடக் கனமான ஆதாரம் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, சிப்பிமேட்டு உப்பளத்தில் இருக்கிறது. அங்கே போன சித்திரை எட்டாம் தேதி முதல் ஓர் உடம்புக்கு நாற்பத்தொரு இதயம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பது முதல், நாற்பத்திரண்டு.

அந்த நாற்பத்தொன்றில் ஒன்று தங்கபுஷ்பத்தினுடையது. அவளுக்கு நாற்பத்தாறு வயது. அளத்தில் அவள்தான் முதல் பலகை. அதாவது, பாத்தியில் விளைந்த உப்பை வாருவதற்குப் பெண்கள் நீண்ட கம்பு வைத்த பலகையோடு வரிசையாக இறங்கும்போது அவளுடைய பலகை முதலில் விழும், மற்ற நாற்பதும் அதைப் பிடித்துக்கொண்டு விழும், அவள் நின்றால் நிற்கும், அவள் இழுத்தால் இழுபடும். பத்தொன்பது வருஷமாக அவள் ஒரு நாளும் தாளம் தப்பியதில்லை. உப்பளத்து வெயில் மற்ற ஊர் வெயிலைப் போல மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. வெள்ளைப் பாத்தியில் விழுந்து, எழும்பி, தாடைக்குக் கீழேயும் அக்குளுக்குள்ளேயும் புகுந்து அடிக்கும். வேர்வை ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், ஏனென்றால் ஒதுங்குவதற்கு ஒரு மறைவு கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்பது உப்புக் குவியலும் மேனேஜருடைய ஆபீஸும்தான். இப்படிக் குடிக்காமல் அடக்கி அடக்கித் தங்கபுஷ்பத்தின் சிறுநீரகம் பாதி வேலையை நிறுத்திவிட்டிருந்தது.

இதை அவளுக்குச் சொன்னவர் டாக்டர் ஹசீனா. காயல்பட்டினத்துக்காரர், ஒரு மருத்துவக் கல்லூரியில் வேலை, வேகமாகப் பேசுவார், பேசி முடித்ததும் தான் சரியாகத்தான் பேசினோமா என்று ஒரு கணம் யோசிப்பார். பங்குனிக் கடைசியில் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து, மணி காட்டாத கைக்கடிகாரம் போலிருந்த நாற்பத்திரண்டு பட்டைகளை எடுத்துக் காட்டினார். நாற்பத்தொன்று பெண்களுக்கு, ஒன்று உபரி. பட்டையின் அடியில் பச்சையாக ஒரு விளக்கு மினுங்கும். அது தோலுக்கடியில் நாடியை எண்ணும், உடம்புச் சூட்டை அளக்கும், அளந்ததை அப்படியே டாக்டருடைய கம்ப்யூட்டருக்கு அனுப்பிவைக்கும். சூடு ஏறினால் பட்டை அதிரும், அதிர்ந்தால் கால் மணி நேரம் நிழலில் உட்கார வேண்டும். எல்லை தாண்டினால் சிவப்பு எரியும்.

"மூணு தடவை சிவப்பு எரிஞ்சா நீங்க அளத்துக்கு வரக்கூடாதுக்கா. நான் எழுதிக் குடுத்துருவேன். அதுக்கு மேல போனா டயாலிசிஸ்தான்" என்றார் டாக்டர்.

"அளத்துக்கு வராம நான் எங்க டாக்டரம்மா போவேன்? எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

"உயிரோட இருக்கலாம்ல?"

"அது சரி" என்றாள் தங்கபுஷ்பம், அதை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டவளைப்போல.

இரண்டு வாரத்தில் அவளுக்கு இரண்டு முறை சிவப்பு எரிந்தது.

இங்கே சிப்பிமேட்டு அளத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் போய் முடிந்தது. காலையில் வந்ததும் அவரவர் கொண்டுவந்த தண்ணீர்க் கேனை ஒரே டிரம்மில் கவிழ்த்துவிடுவார்கள். நிறையக் கொண்டுவந்தவள் யார், குறைவாகக் கொண்டுவந்தவள் யார், வீட்டில் குழாய் வராத நாளில் வெறுங்கேனோடு வந்தவள் யார் என்று எவரும் பார்க்கக் கூடாது என்பதற்காக எப்போதோ தொடங்கிய ஏற்பாடு அது. டம்ளருக்கும் அப்படித்தான், சும்மாட்டுத் துணிக்கும் அப்படித்தான். ஆகவே டாக்டர் ஒவ்வொரு பட்டையிலும் பெயரெழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போன அன்றைக்கே, வேலை முடிந்ததும் நாற்பத்தொரு பட்டையையும் கழற்றி ஒரே கூடையில் போட்டார்கள், சார்ஜ் ஏற்றினார்கள், மறுநாள் கைக்கு வந்ததை எடுத்துக் கட்டிக்கொண்டார்கள். ஒட்டிய பெயர்கள் உப்புத்தண்ணீரில் மூன்றே நாளில் ஊறி உரிந்துபோயின. யாரும் தேடவில்லை.

சித்திரை எட்டு, செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி. பதினேழாம் பாத்தியில் தங்கபுஷ்பத்துக்குக் கண்ணுக்குள் மஞ்சள் பூத்தது. அவளுக்கு அது பழக்கமானதுதான். மஞ்சளுக்குப் பிறகு கருப்பு வரும், கருப்புக்குப் பிறகு சிவப்பு எரியும், அதோடு அளம் முடிந்தது. பலகையை விடாமல், தாளம் விடாமல், இன்னும் நாலு இழுப்பு இழுத்துவிட்டு விழலாம் என்று அவள் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தபோது, வரிசை முழுக்க நாற்பத்தொரு பட்டையும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. அவள் உடம்பிலிருந்த சூடு குடத்திலிருந்து தண்ணீர் சாய்வதைப்போல வலப்பக்கமும் இடப்பக்கமும் சாய்ந்து, பெண்கள் வழியாகப் போய், கடைசிப் பாத்தியில் நின்ற ஜெபக்கனியின் காதுமடலில் இலேசாகச் சுட்டு நின்றது. தங்கபுஷ்பத்தின் கண் தெளிந்தது. அளவுக்கு மீறி இருந்தது இரண்டு டிகிரியும் கொஞ்சமும். நாற்பத்தொன்றால் வகுத்தால் ஆளுக்கு ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு. வகுத்தவர் டாக்டர் ஹசீனா. அவருடைய திரையில் அதுவரை சிக்குப் பிடித்த நூலைப்போல ஓடிய நாற்பத்தொரு கோடுகள் அந்த நிமிஷத்தில் ஒரே கோடாகச் சேர்ந்து, பிறகு பிரியவே இல்லை.

ஜெபக்கனி காதைத் தடவிக்கொண்டு பாத்தி வரப்பில் நடந்து வந்தாள். அவள் வாய்க்கு அளத்தில் லாரிக்காரர்களும் ஒதுங்குவார்கள்.

"மதினி, ஒங்க காச்சல் எங்கிட்ட வந்துட்டு. திருப்பித் தரணுமா, நானே வச்சிக்கிடவா?"

"கொஞ்சம்தான வந்துது?"

"கொஞ்சம்தான்."

"அப்ப வச்சிக்கோட்டி."

அவ்வளவுதான் பேச்சு. தண்ணீர் பொது, டம்ளர் பொது, இப்போது காய்ச்சலும் பொது; இதில் வியக்க என்ன இருக்கிறது என்று எல்லோரும் மறுபடியும் பலகையைப் பிடித்தார்கள்.

வியப்பு இல்லையே தவிரச் சங்கடங்கள் இருந்தன. நாடியும் சேர்ந்தே ஓடியதால், ஒருத்தி புருஷனை நினைத்துப் பல்லைக் கடித்தால் நாற்பது பேருக்கு நெஞ்சு படபடத்தது. மாரிக்கனியைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, சார்ஜ் போடாமல் பட்டையோடு வீட்டுக்குப் போயிருந்த அத்தனை பேருக்கும் கன்னம் சிவந்து, மாப்பிள்ளை பேசத் தொடங்கியதும் சட்டென்று ஆறிப்போயிற்று. அதில் ஏழு பேர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். மாப்பிள்ளை வேண்டாம் என்று மாரிக்கனி சொல்வதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே ஊருக்கே அது தெரிந்துவிட்டது. ஐம்பது தொட்ட பெண்களுக்குத் திடீர் திடீரென்று உடம்பு தீப்பற்றுகிற நேரம் உண்டல்லவா, அதையும் பங்கு வைத்தாயிற்று, பத்தொன்பது வயதுப் பெண்கள், "ஒங்களுக்கெல்லாம் தெனமும் இப்படியாக்கா எரியும்?" என்று கேட்டு, அன்றிலிருந்து மூத்தவர்களுக்கு முதலில் டம்ளரைக் கொடுத்தார்கள். பதினொரு மணிக்கு முன்னால் யாரும் சண்டை போடக் கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. அழ வேண்டியவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு அழ வேண்டும். உப்புமூட்டையைத் தூக்கிக்கொண்டு, உப்பைக் குவிக்கிற தட்டுமேட்டில் ஏறுகிறவள், "ஏறுதேன்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு ஏற வேண்டும். கோயில் பூசாரி வந்து, உபரியாக இருக்கும் ஒரு பட்டையை அம்மனுக்குச் சாத்தலாமே என்றார். நாற்பத்தொரு பேரும் கூடிப் பேசி, அம்மனுடைய சூட்டை நாற்பத்தொன்றாகப் பிரித்தாலும் தங்களால் தாங்க முடியாது என்று பணிவோடு மறுத்துவிட்டார்கள். ஞானமுள்ள முடிவு என்று கோயிலிலும் மாதா சபையிலும் ஒத்துக்கொண்டார்கள்.

வைகாசி பிறந்தபோது டாக்டர் தங்கபுஷ்பத்தின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, சோதனைக்கூடத்தைச் சந்தேகித்து, மறுபடியும் சோதித்தார். சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டுகிற எண், இரண்டு புள்ளி நான்காக இருந்தது, இரண்டுக்கு இறங்கியிருந்தது. மூன்றாவது சிவப்பு எரியவே இல்லை.

ஆனால் மேனேஜர் கோமதிநாயகம் ஒரு கடிதம் எழுதியிருந்தார்.

மேனேஜர் கெட்டவர் இல்லை, வெளியே வராதவர். அளத்தில் இருபத்திரண்டு வருஷம், அதில் இருபது வருஷம் ஏசி போட்ட ஆபீஸில். பட்டை அதிர்ந்தால் நிழலில் உட்கார வேண்டும் என்பது விதி, அளத்தில் நிழல் என்பது அவருடைய ஆபீஸ் சுவரோடு ஒட்டிய ஒரு முழ அகலம். ஆகவே ஒருத்திக்குச் சூடு ஏறினால் நாற்பத்தொரு பெண்கள் அவருடைய ஜன்னலுக்கு வெளியே வரிசையாக ஒண்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் நாற்பத்தொரு பேர் உட்காருவதா? பட்டைகளை மாற்றிக் கட்டி நாடகமாடுகிறார்கள் என்று, பட்டை செய்த கம்பெனிக்கு அவர் எழுதினார். கம்பெனி எங்கோ தூரத்தில் இருந்தது. அது தன்னுடைய கோப்புகளைப் பார்த்துவிட்டு டாக்டருக்குப் பதில் அனுப்பியது: சிப்பிமேட்டில் நாற்பத்தொரு பேர் இல்லை, ஒருவர்தான் இருக்கிறார், அந்த ஒருவரும் நம்பத் தகுந்தவராக இல்லை, சோதனையை நிறுத்துகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் பட்டைகளை எல்லாம் எண்ணி, அளத்து மேனேஜர் கையெழுத்தோடு திருப்பி அனுப்பவும்.

வெள்ளிக்கிழமை. கத்திரி வெயில். பாத்தியில் காகம் இறங்காத பகல். டாக்டர் ஹசீனா அட்டைப்பெட்டியோடு ஆபீஸ் வாசலில் நின்றார். பெண்கள் முழ அகல நிழலில் நின்றார்கள். கோமதிநாயகம் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, ஒவ்வொருத்தியா கழத்திப் போடுங்க. எனக்கு வேலை கெடக்கு."

தங்கபுஷ்பம் பட்டையில் கை வைத்தாள், எடுத்தாள். கழற்றினால் தனக்கு எத்தனை நாள் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கே வெயில் முழுசாக அவளுக்கு மட்டும் வரும்.

"அண்ணாச்சி, ஒரு பட்டை மிச்சம் கெடக்குல்லா. அத நீங்க ஒரு மணி நேரம் கட்டிப் பாருங்க. நாடகம்னு தெரிஞ்சா கையெழுத்துப் போட்ருங்க. நாங்க ஒரு வார்த்தை பேச மாட்டோம்."

"ஜெபக்கனிகூடவா?" என்றார் மேனேஜர்.

"நான் ரெண்டு வார்த்தை பேசுவேன்" என்றாள் ஜெபக்கனி. "அது நாளைக்கு."

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததால் கையை நீட்ட வேண்டியதாயிற்று. டாக்டர் உபரிப் பட்டையை அவர் மணிக்கட்டில் பூட்டியபோது மணி பன்னிரண்டு நாற்பது.

பெண்கள் பாத்திக்குப் போய்ப் பலகையைத் தொடவில்லை, அதற்குள் ஜெபக்கனி துள்ளினாள். "எவட்டி என் முதுகுல ஐஸ் வச்சது?" யாரும் வைக்கவில்லை. ஏசி குளிர், நாற்பத்திரண்டில் ஒரு பங்கு, ரவிக்கைக்குள் பெருவிரல் அகலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இருபது வருஷமாகச் சுவருக்கு அந்தப்புறம் இருந்த குளிர் அது. பெண்கள் பாத்தி நடுவில் நின்று, கண்ணை மூடி, முகத்தைச் சற்றே தூக்கி அதை அனுபவித்தார்கள். ஆபீஸுக்குள் மேனேஜர் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார், மின்விசிறியையும் போட்டார், நாக்கில் உப்புக் கரிக்கிறதே என்று தண்ணீர் குடித்தார், தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது தங்கபுஷ்பத்தின் பலகை தப்பியது.

பத்தொன்பது வருஷத்தில் முதல் முறை. பலகை விழவேண்டிய இடத்தில் விழவில்லை, அரைக்கணம் தயங்கி, பிறகு இரண்டாக விழுந்தது. வரிசை முழுக்க அப்படியே தப்பிற்று. அவள் நெஞ்சில் கை வைத்தாள்.

"யாரோ நொண்டுதாவ" என்றாள்.

நாற்பத்தொரு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உனக்கா, எனக்கில்லை, உனக்கா, எனக்குமில்லை என்று கேள்வி கடைசிப் பாத்தி வரை போய்த் திரும்பி வந்தது. பிறகு எல்லாத் தலையும் ஆபீஸ் பக்கம் திரும்பியது. அதே நேரத்தில் ஆபீஸ் வாசல்படியில் உட்கார்ந்திருந்த டாக்டர் ஹசீனா, மடியில் வைத்திருந்த கம்ப்யூட்டர் திரையில் அந்த ஒற்றைக் கோடு கல் தடுக்கியதுபோல் இடறுவதைப் பார்த்து எழுந்துவிட்டார்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். முகம் சாம்பலாக இருந்தது.

"ஒண்ணுமில்ல டாக்டர். வாயு. மூணு மாசமா இப்படித்தான் வந்து வந்து போவுது."

"மூணு மாசமாவா? யார்கிட்டயும் சொல்லலையா?"

"வாயுவப் போய் யார்கிட்டச் சொல்றது?"

அவரைத் தரையில் படுக்கவைத்து, பையில் இருந்த மருந்தைக் கொடுத்து, டாக்டர் நூற்றியெட்டுக்குப் போன் செய்தார். உப்பு லாரிகள் உடைத்துப்போட்ட ரோட்டில் ஆம்புலன்ஸ் வந்துசேர இருபத்தைந்து நிமிஷமாகும் என்றார்கள். கோடு இடறியது, ஓடியது, மறுபடி இடறியது. இடறும்போதெல்லாம் நாற்பத்தொரு துடிப்பு சேர்ந்து அதைக் கைத்தாங்கலாகத் தூக்கி விட்டதையும், ஒவ்வொரு தடவையும் தூக்குவதற்கு இன்னும் கொஞ்சம் நேரமானதையும் அவர் பார்த்தார்.

வாசலில் தங்கபுஷ்பம் நின்றாள்.

"டாக்டரம்மா, புதுசா வந்த பிள்ளைக்குப் பலகை தப்பிச்சின்னா நாங்க சொல்லிக்குடுக்கதில்ல. நடுவுல நிப்பாட்டிக்கிடுவோம். வரிசை இழுத்துட்டுப் போயிரும்."

டாக்டருக்குப் புரிய இரண்டு கணம் ஆயிற்று. "நீங்க வேண்டாம்கா. மணி ஒண்ணு. எல்லாத் துடிப்பும் அவரத் தாங்கிட்டிருக்கு, இந்த வெயில்ல நீங்க வாருனா மூணாவது சிவப்பு. அதுக்கு மேல எங்கிட்ட மருந்து கிடையாது."

"முதல் பலகை இல்லாம வரிசை எப்படி நடக்கும்?"

"அவரு உங்களுக்கு எதிரா எழுதினவரு."

"எழுதட்டும். இப்ப அவிய நொண்டுதாவல்லா."

சொல்லிவிட்டு அவள் பாத்தியில் இறங்கினாள், வலக்காலை ஊன்றினாள், பலகையைத் தூக்கினாள், போட்டாள். நாற்பது பலகை விழுந்தது. இழுத்தாள், நாற்பதும் இழுத்தது. போடு, இழு, போடு, இழு என்று சத்தம் எழும்பி, பாத்தி பாத்தியாகப் பரவி, உப்புக் குவியலில் பட்டுத் திரும்பி, ஆபீஸ் தகரக் கதவை அதிரவைத்து, சிமெண்ட் தரை வழியாக, படுத்திருந்தவருடைய முதுகுக்குள் போயிற்று. வெயில் மேலிருந்து விழுந்தது, கீழிருந்து எழும்பியது, தங்கபுஷ்பத்தின் மேல் விழுந்ததெல்லாம் அவள்மேல் தங்காமல் நாற்பத்திரண்டாகப் பிரிந்து போயிற்று. கண்ணில் மஞ்சள் வந்தது, அவள் போட்டாள், இழுத்தாள், மஞ்சள் போனது. ஜெபக்கனி கடைசிப் பாத்தியிலிருந்து கத்தினாள்: "அண்ணாச்சி, வலது கால எடுத்து வைங்க! ஒங்க நெஞ்சுக்குத்தான் சொல்லுதேன்!" பத்தாவது நிமிஷத்தில் கோடு இடறுவது குறைந்தது. பதினேழாவது நிமிஷத்தில் ஒரு முறை மட்டும் இடறியது. இருபத்திரண்டாவது நிமிஷத்தில், நாற்பத்தொரு பலகைக்கு நடுவே நாற்பத்திரண்டாவதாக ஒன்று, புதிதாக வேலைக்கு வந்த பெண்ணைப்போலக் கூச்சத்தோடு, சரியான இடத்தில் விழுந்தது. பிறகு தப்பவே இல்லை.

டாக்டர் திரையைப் பார்த்தார். பச்சை. தங்கபுஷ்பத்துக்கும் பச்சை. யாருக்கும் சிவப்பு இல்லை. பெரிய டாக்டராக இருந்தும் அவர் அட்டைப்பெட்டியை உதைத்து, ஆபீஸ் வாசலில் நின்று, சின்னப் பிள்ளையைப்போலக் கையைத் தட்டினார்.

ஆம்புலன்ஸில் வந்தவர் மேனேஜருடைய நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எழுபத்திரண்டு, அருமையா இருக்கே. யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். பட்டையைக் கழற்றப் போனார். கோமதிநாயகம் மற்றக் கையால் அதை மூடிக்கொண்டார்.

"இதத் தொடாதீங்க" என்றார். பிறகு ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, ஆபீஸ் கதவைத் திறந்துபோடச் சொன்னார். "ஏசி ஓடட்டும். எல்லாரும் உள்ள வந்து உக்காருங்க. ஏம்மா தங்கபுஷ்பம், நீ முதல்ல போய் உக்காரு."

ஆஸ்பத்திரியில் அவருடைய ரத்தக்குழாயில் அடைப்பு கண்டுபிடிக்கப்பட்டதும், பத்தாம் நாள் அவர் திரும்பி வந்ததும், வந்ததும் வராததுமாகக் கம்பெனிக்குத் தன் கையால் இன்னொரு கடிதம் எழுதியதும் வரிசையாக நடந்தன. கம்பெனி யோசித்து, சோதனையைத் தொடரலாம், ஆனால் ஒரே ஒரு நோயாளியாகத்தான் பதிய முடியும் என்றது. படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. யார் பெயரை எழுதுவது என்று முக்கால் மணி நேரம் சண்டை நடந்தது, பதினொரு மணிக்குப் பிறகுதான். கடைசியில் பெயர் சிப்பிமேடு என்றும், வயது ஆயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு என்றும், பால் என்ற கட்டத்தில் 'பெரும்பாலும் பெண்' என்றும் எழுதி அனுப்பினார்கள். அளத்தில் நான்கு இடங்களில் ஓலைக் கொட்டகையும் இரண்டு இடங்களில் கழிப்பறையும் எழும்பின; கழிப்பறை திறந்த அன்று தங்கபுஷ்பம் எல்லோர் கண்ணும் பார்க்க நான்கு டம்ளர் தண்ணீரை ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்தாள், நாற்பது பேரும் ஆரவாரம் செய்தார்கள். ஆவணியில் அவளுடைய எண் ஒன்று புள்ளி ஐந்து. முதல் பலகை இன்னும் அவள்தான்.

இதயத்துக்கு ஓய்வு வேண்டும், பகலில் இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை கட்டாயம் தூங்க வேண்டும் என்று மேனேஜருக்கு மருத்துவர்கள் உத்தரவு போட்டார்கள். சிப்பிமேட்டு விலக்கிலிருந்து, வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு இரண்டரை மணிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த டவுன் பஸ் இப்போது மூன்று பத்துக்குப் புறப்படுகிறது.